சலவைக்கல்லும் பூப்பந்தும்

வெள்ளியங்கிரி தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் பந்து வலையில்தான் போய் விழும் என்பது கம்பெனி வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அடி ஒன்றும் லேசுப்பட்டதல்ல. மட்டை காற்றை அறுக்கிற சத்தத்தில் ரோட்டில் போகிற வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பந்து மட்டும் எதிராளி பக்கம் போகாமல் வலையில் மோதி, கீழே இறங்கி, சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

அறுபத்து மூன்று, அறுபத்து நாலு வாக்கில் திருப்பூரில் பூப்பந்து ஆடாத பனியன் கம்பெனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொஞ்சம் காலி இடம் இருந்தால் போதும். சுண்ணாம்பில் நாலு கோடு, இரண்டு கம்பம், நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு வலை. பக்கத்துக்கு ஐந்து பேர், கையில் மரமட்டை. மஞ்சள் கம்பளி நூலைச் சுற்றிச் செய்த பந்து, தரையில் படாமல் வலைக்கு மேலாகப் போய்ப் போய் வர வேண்டும். சாயங்காலம் சங்கு ஊதியதும் முகத்தைக்கூடக் கழுவாமல் கோர்ட்டுக்கு ஓடி வருவார்கள். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இவர்கள் இங்கே கோட்டில் பட்டதா, படவில்லையா என்று மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

வெள்ளியங்கிரி மெஷின் ஆள் இல்லை. நாச்சிமுத்து முதலாளியின் கம்பெனிக்கு நொய்யல் கரையில் ஒரு சலவைப் பட்டறை இருந்தது, அங்கே துவைக்கிறவன். பின்னி வந்த பனியன் துணி பழுப்பாக இருக்கும். அதை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத்தோடு கயிறாக முறுக்கி, தலைக்கு மேல் தூக்கி, கல்லில் அறைய வேண்டும். தூக்கினால் தோள்பட்டை கழன்று விழுவது போலக் கனக்கும். பட்டறையில் வரிசையாகக் கற்கள் கிடந்தன. முதல் கல்லில் எவன் நிற்கிறானோ அவன்தான் பட்டறைக்கே பெரிய கை. முப்பது வயது ஆவதற்குள் வெள்ளியங்கிரி முதல் கல்லுக்கு வந்துவிட்டான். அவன் அடித்த துணியை வெயிலில் பார்த்தால் கண் கூசும் என்று முதலாளியே சொல்வார்.

அந்தக் கையையும் அந்த உயரத்தையும் பார்த்துத்தான் கட்டிங் மாஸ்டர் திருமூர்த்தி அவனைக் கம்பெனி டீமுக்குக் கூப்பிட்டார். அவர்தான் கேப்டன். வலைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் அவனை நிறுத்தினார். மேலே எழும்பி வருகிற பந்தை எதிராளி பக்கம் தரையோடு தைக்கிற மாதிரி அடிக்க வேண்டியது அவன் வேலை. மாஸ்டர் கணக்குப் போட்டதில் தப்பே இல்லை. கல்லில் துணியை அறைகிறவனுக்குப் பந்தை அறைய யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

ஆனால் பந்து வலைக்கே போனது. மூன்றுக்கு இரண்டு வலையில். ஊரே சேர்ந்து வைத்தியம் சொன்னது. மட்டையின் நரம்பை இறுக்கிக் கட்டு என்றான் ஒருவன். இறுக்கிக் கட்டினான். நாட்டுக்கோழி முட்டை குடி என்றான் இன்னொருவன். குடித்தான். மருதமலைக்கு வேண்டிக்கொள் என்றார்கள், வேண்டிக்கொண்டு போய் மொட்டையும் போட்டான். மொட்டைத் தலையோடு அடித்ததும் வலைக்குத்தான் போனது. "நீ இன்னும் பலமா அடிக்கோணும்ப்பா" என்றார் திருமூர்த்தி. அவனும் இன்னும் பலமாக அடித்தான், வலை கிழிந்தது. அதைத் தைத்து முடிக்கும்வரை இரண்டு நாள் ஆட்டம் நின்றதுதான் மிச்சம்.

போன வருசம் தைப்பூசத் தேர் முடிந்து நடந்த டோர்னமென்டில் கடைசி ஆட்டம் சாமளாபுரத்துக்காரர்களோடு. தறிக்காரர்கள், நல்ல சூட்டிகையான ஆட்கள். கொஞ்ச நேரம் ஆடியதுமே வெள்ளியங்கிரியின் வண்டவாளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன் பிறகு பந்து எங்கே வந்தாலும் அவன் தலைக்கு மேலேயே தூக்கித் தூக்கிப் போட்டார்கள். இவன் ஓங்கி ஓங்கி வலையிலேயே அடித்தான். பாயிண்டு மளமளவென்று அந்தப் பக்கம் ஏறியது. கூட்டத்தில் எவனோ ஒரு குசும்புக்காரன், "வலையைப் புடிச்சுத் தொவைக்கறாண்டோய்" என்று கத்த, சாமளாபுரத்துக்காரர்கள் வண்டி ஊர் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள்.

இந்த வருசம் மார்கழி பிறந்ததும் திருமூர்த்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் துணி வெட்டுகிறவர். பேச்சிலும் கத்தரி வைத்தாற்போல் இருக்கும்.

"வெள்ளியங்கிரி, நேராவே சொல்லிப்போடறேன். தை பொறக்கறதுக்குள்ள உன்ற அடி சரியாவோணும். இல்லீனா முன்னால சுப்பண்ணனை நிறுத்தப் போறேன். மொதலாளிகிட்டயும் பேசிட்டேன்."

சுப்பண்ணன் ஸ்டோரில் கணக்கெழுதுகிறவன். ஒடிசலான ஆள். அவன் அடி பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் வலையைத் தாண்டிவிடும்.

"சரிங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னான் வெள்ளியங்கிரி.

ஒரு பந்தாட்டத்துக்கு இத்தனை பாடா என்று கேட்கிறவர்கள் பட்டறையில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். பவுடர் நெடி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குளித்தாலும் போகாது. கம்பெனி ஆபீஸ் வாசலில் வெள்ளியங்கிரி வந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, "என்னப்பா, பட்டறை ஆளா?" என்பார்கள். பெயர் கேட்க மாட்டார்கள். கோர்ட்டில் மட்டும்தான் அவனுக்குப் பெயர் இருந்தது. "வெள்ளியங்கிரி, உனக்குத்தான், விடாதே" என்று திண்டில் சாய்ந்து பார்க்கிற முதலாளிகூடக் கத்துவார். அந்த ஐந்து பேரில் ஒருவனாக இல்லாமல் போனால் தான் வெறும் பட்டறை ஆள்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது அவனைக் குடைந்தது.

அவன் மனைவி மருதம்மாளும் அதே கம்பெனியில்தான் வேலை. பின்னி வந்த துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கல்யாணமாகி நாலு வருசத்தில் அவள் ஒரு நாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. ஆம்பிளைகள் குதிக்கிறதை நின்று பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்தா? மாஸ்டர் கெடு வைத்து நாலைந்து நாளில் ஒரு சாயங்காலம் மண்ணரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயத்துக்குப் போக வேண்டியிருந்தது. மனிதர் வந்த பாடில்லை என்று கோர்ட்டுக்கே வந்துவிட்டாள். கம்பத்தோரமாக நின்றாள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள்.

நிச்சயத்துக்கு நடந்து போகிற வழியில் கேட்டாள்.

"ஏனுங்க, பந்து அடிக்கறப்ப எதுக்குக் கண்ணை மூடிக்கறீங்க?"

"நானா? யாரு சொன்னா?"

"யாராவது சொல்லோணுமாக்கும். நான்தான் பாத்துட்டு நின்னனே. மட்டை மேல போறவரைக்கும் முழிச்சுட்டுத்தான் இருக்கறீங்க. அடிக்கற நேரத்துக்குப் பொத்துனு மூடிக்கறீங்க. அடிச்ச பொறவு தொறந்து, பந்து எங்கேன்னு தேடறீங்க."

"உனக்கு என்ன புள்ள தெரியும் ஆட்டத்தைப் பத்தி?"

"ஆட்டத்தைப் பத்தி ஒண்ணுந் தெரியாதுங்க. கண்ணு மூடியிருக்குதா தொறந்திருக்குதான்னு தெரியும்."

மண்ணரை போய்ச் சேரும்வரை அவன் இரண்டடி முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நிச்சயதார்த்தப் பந்தியிலும் உம்மென்று உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய் முதல் துணியை முறுக்கித் தலைக்கு மேல் தூக்கினான். கல்லில் அறைந்தான். அறைந்த கணத்தில் கண் இறுக மூடியிருந்தது. பக்கத்துக் கல்காரனைப் பார்த்தான். அவனும் மூடினான். அதற்கு அடுத்தவனும். பட்டறை பூராவும் துணியைத் தூக்கும்போது முழித்துக்கொண்டும் அறையும்போது கண்ணை மூடிக்கொண்டும் நின்றார்கள். மூடாமல் என்ன செய்வார்கள்? கல்லில் பட்டுத் தெறிப்பது பவுடர் தண்ணீர். கண்ணில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கண் தானாக மூடக் கற்றுக்கொள்ளும். அப்புறம் கை தலைக்கு மேல் போய் இறங்கினாலே மூடிக்கொள்ளும். கையில் இருப்பது துணியா மட்டையா என்று அது கேட்டுக்கொண்டா இருக்கும்?

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொட்டை போட்டதும் முட்டை குடித்ததும் ஞாபகம் வந்து, கல்லின்மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தான். பக்கத்துக் கல்காரன் இவனுக்கு என்ன ஆச்சு என்று பயந்து போனான்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டினான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மருதம்மாள் ஒரு கவிழ்த்த தொட்டிமேல் ஏறி நின்று பந்தைத் தூக்கிப் போட வேண்டும். அவன் அடிக்கிற நேரத்தில் இன்னொரு கையில் விரல் காட்ட வேண்டும். எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். இந்த யோசனை அவளுடையது. முதல் நாள் எத்தனை விரல் என்று கேட்டபோதெல்லாம் அவன் குத்துமதிப்பாக ஏதோ சொன்னான்.

"நானு விரலே காட்டலீங்க" என்பாள் அவள்.

அக்கம்பக்கத்தில் பேச்சாகிப்போனது. பொண்டாட்டி விரல் காட்டுகிறாள், புருசன் எண்ணுகிறான், அவனுக்கு இப்போதுதான் எண் பாடம் நடக்கிறது என்று தண்ணிக் குழாயடியில் சிரித்தார்கள். மருதம்மாள் கண்டுகொள்ளவில்லை. ஒரு வாரம் போனது. விரல் தெரிய ஆரம்பித்தது. விரல் தெரிந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை காலமும் பந்து நெற்றிக்கு இறங்கி வந்த பிறகுதான் அவன் அடித்துக்கொண்டிருந்தான், அதுவும் கல் இருக்கிற இடம்வரை, முழங்கால் மட்டம்வரை, கையை இழுத்துக்கொண்டு போனான். பின்னே வலைக்குப் போகாமல் எங்கே போகும்? இப்போது பந்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது உச்சியில் நிற்கும்போதே, முகத்துக்குக் கொஞ்சம் முன்னால், கை முழுக்க நீட்டி அடித்தான். பாதி பலம்கூடப் போடவில்லை. பந்து கயிற்றுக்கு மேலே பறந்து மருதம்மாளின் காலடியில் தொட்டியில் மோதியது. அவள் குதித்து இறங்கி, தொட்டியை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

கோர்ட்டில் இதைத் திருமூர்த்தி பார்த்தார். இன்னொரு பந்தைத் தூக்கிப் போடச் சொன்னார், அப்புறம் இன்னொன்று. எதிர்ப்பக்கம் நின்ற சுப்பண்ணன் காலை நகர்த்தக்கூட நேரம் கிடைக்காமல் நின்றான். அவன்தான் முதலில் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மாஸ்டர், நானு பின்னாலயே நின்னுக்கறேனுங்க" என்றான். நல்லவன்.

இத்தோடு முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கெரகம் அவனை விடவில்லை. டோர்னமென்டுக்குச் சில வாரம் இருக்கையில், முதல் கல்லில் துணியைத் தூக்கி அறைந்தான். பழக்கப்படுத்திய கண் சமர்த்தாகத் திறந்தே இருந்தது. பவுடர் தண்ணீர் வலது கண்ணில் அள்ளி அடித்தது. கல்லடியிலேயே உட்கார்ந்துவிட்டான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, கைத்தாங்கலாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணைக் கழுவி மருந்து போட்ட டாக்டர், "இந்தத் தடவை பொழச்சுது. இன்னொரு தடவை பட்டால் பார்வை போயிடும்" என்றார்.

மருதம்மாள் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதாள். விரல் காட்டிப் பழக்கியது அவள்தானே.

கட்டுப் பிரித்துப் பார்வை தெளிந்ததும் அவன் கோர்ட்டுக்குப் போனான். பந்து எழும்பியது, கை போனது, கண் மூடிக்கொண்டது. வலை. கண் பயந்துபோயிருந்தது. சரி, பந்துக்கு மட்டும் திற, கல்லுக்கு மூடு என்று கண்ணுக்கே சொல்லிப் பார்த்தான். பட்டறையில் ஒரு நாள் கவனமாக மூடினால் சாயங்காலம் பந்துக்கும் மூடிக்கொண்டது. விரல் பாடம் படித்துவிட்டுப் போனால் மறுநாள் கல்லடியில் திறந்துகொள்ளப் பார்த்தது. கண்ணுக்குப் பழக்கம் ஒன்றுதான். இரண்டில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள், மற்றதை விடு என்றது.

கண்ணுக்கு ஆபத்து, ஆட்டத்தை விட்டுவிடு என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். வெள்ளியங்கிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனான். நாச்சிமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, என்னைக் கல்லுல இருந்து எடுத்துப்போடுங்க. காயப்போடற பொட்டல்ல வேலை குடுங்க."

அவர் பேப்பரை மடித்தார். துவைத்த துணியை ஆற்றோரப் பொட்டலில் விரித்துக் காயப்போடுவது வயசாளிகளும் பொம்பிளைகளும் பார்க்கிற வேலை. கூலியும் குறைவு, மதிப்பும் குறைவு.

"கண்ணுக்காகவா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு வரவில்லை.

"இல்லீங்க. பந்துக்காகத்தானுங்க."

"அட கிறுக்கா" என்று சிரித்தார் அவர். "மொத கல்லை உட்டுட்டுப் பந்தடிக்கப் போறவனை நானு இப்பத்தான் பாக்கறேன். போ, நாளையில இருந்து பொட்டலுக்குப் போய்க்க."

வீட்டில் சொன்னபோது மருதம்மாள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

"எனக்கு உங்க கண்ணு வேணுங்க. பந்து எக்கேடு கெட்டாலும் செரி" என்றாள்.

"எனக்குப் பந்து வேணும் புள்ள."

"ரெண்டுக்கும் பொட்டல்தான் வழின்னா போங்க. இதுல சண்டை போட என்ன இருக்குது."

பட்டறைக்காரர்கள் சும்மா விடுவார்களா? சீலை கட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். முதல் கல்லில் இன்னொருவன் வந்து நின்றான். பொட்டலில் குனிந்து துணி விரிக்கும்போது, கல்லில் துணி விழுகிற சத்தம் ஆற்றுப் பக்கமிருந்து வரும். அது தன் சத்தம் இல்லை என்று கேட்ட மாத்திரத்தில் தெரியும். மனசு வலிக்கத்தான் செய்தது. சாயங்காலம் தொட்டிமேல் மருதம்மாள் ஏறி நிற்பாள். விரல் மறுபடி தெரிய ஆரம்பித்தது.

தைப்பூசம் முடிந்தது. டோர்னமென்டு வந்தது. முன்னால் இரண்டு கம்பெனிகளோடு ஆடியதில் வெள்ளியங்கிரி அடித்த அடியைப் பார்த்துக் கூட்டம் அலறியது. ஒரு பந்து தரையில் பட்டு எழும்பி டீக்கடை பாய்லர்மேல் போய் விழுந்தது. அந்தக் கூட்டத்தில் நின்று சாமளாபுரத்து ஐந்து பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு மறுபடியும் அவர்கள்தான் வந்திருந்தார்கள்.

வெள்ளியங்கிரி மட்டையைத் தூக்கிக்கொண்டு வலையடியில் நின்றான். போன வருசம் இவன் தலைக்கு மேலேயே தூக்கிப் போட்டவர்கள் ஆயிற்றே, வரட்டும், ஒன்றாவது வரட்டும் என்று காத்திருந்தான். முதல் பந்து வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பந்தெல்லாம் தாழ்வாக, வலையை உரசிக்கொண்டு, அந்தப் பக்கமாகவே போனது. தாழ்வாக அடிக்கப் பார்த்து அவர்களே பல பந்துகளை வலையில் விட்டார்கள். ஒதுக்கி ஒதுக்கி அடித்ததில் கோட்டுக்கு வெளியே போனவை வேறு. மிச்சத்தைப் பின்னால் நின்ற சுப்பண்ணன் பதனமாக எடுத்துப் போட்டான். அப்படியே ஒரு கேம் இவர்கள் பக்கம் வந்தது. இரண்டாவது கேம் முக்கால்வாசி போனது. வெள்ளியங்கிரிக்கு ஒரு பந்துகூட எழும்பவில்லை.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. முதல் கல்லை விட்டவன், பொட்டலுக்குப் போனவன், ஊர்ச் சிரிப்பை வாங்கியவன். இத்தனையும் இந்த ஒரு சாயங்காலத்துக்கு. ஒரே ஒரு பந்து தூக்கிப் போட்டால் இவர்கள் குடியா முழுகிவிடும்?

கடைசிப் பாயிண்டுக்கு சாமளாபுரத்துக் கேப்டன் கைக்குப் பந்து வாகாக வந்தது. தூக்கி அனுப்ப எத்தனையோ இடம் இருந்தது. அவர் மட்டையை ஓங்கினார், வெள்ளியங்கிரியைப் பார்த்தார். வெள்ளியங்கிரி கண்ணைக் கொட்டாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கை தயங்கியது, தாழ்த்தி அடித்தார். பந்து வலையில் மோதி அவர் பக்கமே விழுந்தது.

கூட்டம் உள்ளே பாய்ந்து திருமூர்த்தியைத் தூக்கிக்கொண்டது, சுப்பண்ணனையும் தூக்கியது. வெள்ளியங்கிரி தூக்கிய மட்டையை இறக்காமல் நின்றான். சாமளாபுரத்துக் கேப்டன் வலைக்கு அடியில் குனிந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே வேணா போடுங்கடா, அந்தாளு பக்கம் மட்டும் தூக்கிப்போடாதீங்கன்னு சொல்லித்தானுங்க பசங்களைக் கூட்டிட்டு வந்தேன். அந்தப் பயத்துலயே பாதி ஆட்டம் போயிருச்சுங்க."

"ஒண்ணாவது தூக்கியிருக்கலாமுங்க" என்றான் வெள்ளியங்கிரி.

மறுநாளே நாச்சிமுத்து ஆள் அனுப்பினார். டோர்னமென்டு முடிந்துவிட்டது, துணி முன்னைப் போல வெளுக்கவில்லை, முதல் கல் உனக்குத்தான், வந்து நில் என்றார். வெள்ளியங்கிரி பொட்டலில் துணியை விரித்துக்கொண்டே யோசித்தான்.

"வேண்டாமுங்கன்னு சொல்லிருங்க" என்றான். "அடுத்த வருசம் தூக்குவாங்க."

பக்கத்தில் ஓட்டைத் துணியைப் பிரித்துப் போட வந்திருந்த மருதம்மாள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அடுத்த வருசமும் முன்வரிசையில் நின்றான், அதற்கடுத்த வருசமும். எழுபதாம் வருசம் பிறந்து, முழங்கால் ஒத்துழைக்காமல் மட்டையைக் கீழே வைக்கும்வரை அவன் பொட்டலிலேயே இருந்தான். சாமளாபுரத்துக்காரன் ஒருத்தன்கூட அவன் பக்கம் பந்தைத் தூக்கவே இல்லை.